பிளைவீலில் நான் எழுதிய தேதி

செஞ்சி,
24-1-1967, செவ்வாய்க்கிழமை, காலை.

சிரஞ்சீவி தாமோதரனுக்கு,

நீ 16-ஆம் தேதி திங்கட்கிழமை எழுதிய கடிதம் 18-ஆம் தேதி புதன்கிழமை முற்பகல் தபாலில் வந்து சேர்ந்தது. வந்த கடிதத்துக்கு மறுதபாலில் பதில் போடாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது என்பது உனக்குத் தெரியும். இம்முறை ஆறு நாள் கடத்திவிட்டேன். ஆறு நாளும் சோறு சரியாக இறங்கவில்லை. நேற்று மூன்றாவது காகிதத்தையும் கிழித்துப் போட்டபோது உன் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "புள்ளைக்கு லெட்டர் எழுதறீங்களா, பஞ்சாங்கம் எழுதறீங்களா? தேதியா போட்டுப் போட்டுக் கிழிக்கிறீங்களே, சேதி எங்க?" என்று கேட்டாள். சேதி இருக்கிறது. அதை எழுத எனக்கு ஒரு வருஷமும் பத்து மாதமும் பன்னிரண்டு நாளும் ஆகியிருக்கின்றன.

நீ எழுதியிருப்பதை நான் சரியாகத்தான் புரிந்துகொண்டேனா என்று ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்க்கிறேன். பிப்ரவரி 17, வெள்ளிக்கிழமை விடியலில் உன் மோட்டார் லாஞ்சு கடலூர்த் துறையை விட்டுக் கிளம்பித் தூத்துக்குடிக்குப் போகிறது. அங்கே கப்பலுக்கும் கரைக்கும் நடுவே சரக்குத் தோணிகளை இழுத்துக் கொடுக்கும் வேலை வருஷம் முழுவதும் கிடைக்கிறது. ஆகையால் குடும்பத்தோடு அங்கேயே தங்கிவிடப் போகிறாய். மருமகளும் குழந்தையும் ரயிலில் பின்னால் வருவார்கள். சென்ற அக்டோபரில் துறைமுக வேலையிலிருந்து ஓய்வு பெற்ற உன் சின்ன நைனா, என் தம்பி கோபால், உன்னோடு லாஞ்சிலேயே வருகிறான். இஞ்சினை அவன் பார்த்துச் சரி என்று சொல்லிவிட்டான். ஆனாலும், "நைனா, நீங்கள் ஒருமுறை வந்து பார்த்துப் பிளைவீலில் தேதி எழுதிக் கொடுத்தால்தான் நான் கயிற்றை அவிழ்ப்பேன்" என்று நீ முடித்திருக்கிறாய். நான்கு பக்கக் கடிதத்தில் 'சின்ன நைனா' ஒன்பது இடத்தில் வருகிறான். நான் இரண்டே இடத்தில் வருகிறேன். எண்ணிப் பார்த்தேன் என்று எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் இருக்கும் இரண்டாவது இடம் அந்தக் கடைசி வரி. அவன் வாக்குக்கு மேல் என் வாக்கை நீ வைத்த வரி. அப்படி ஒரு வரிக்காக நான் காத்திருந்தது இருபத்து மூன்று வருஷத்துக்கு மேல். கைக்கு வந்த பிறகு அதை வைத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

கோபால் என்னைவிடப் பத்து வயது சிறியவன். நம் இஞ்சின் ரிப்பேர்க் கடையில் இரண்டு பேருக்கு வேலை இல்லாததால் 1931-ஆம் வருஷம் அவன் கடலூருக்குப் பிழைக்கப் போனான் என்றுதான் நீ சிறு வயதிலிருந்து கேட்டிருப்பாய். அதைச் சொல்லி வந்தவன் நான். அது பொய். அப்போது இந்தப் பக்கத்தில் அரிசி மில்களில்தான் ஆயில் இஞ்சின் இருந்தது. அவலூர்பேட்டை மில்லில் இஞ்சின் நின்றால் ஆள் அனுப்புவார்கள். நான் ஸ்பானர்ப் பையை எடுத்துக்கொண்டு புறப்படுவேன். வந்த ஆள் தலையைச் சொறிந்துகொண்டு, "பெரியவரு எதுக்கு வெயில்ல அலையணும், சின்னவர அனுப்புங்களேன்" என்பான். கோபாலுக்கு அப்போது இருபது வயதுகூட நிறையவில்லை. நான் புத்தகத்தைப் படித்து, ஒவ்வொரு மரையாகக் கழற்றி, ஒரு நாள் முழுவதும் உட்கார்ந்து கண்டுபிடிக்கும் பழுதை அவன் இஞ்சின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, காதைச் சாய்த்து, பீடி ஒன்று தீரும் நேரத்தில் சொல்லிவிடுவான். அந்த வருஷம் ஆவணியில் நான் அவனைக் கூப்பிட்டு, கடை ஒருவனுக்குத்தான் தாங்கும் என்றேன். அவன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. எதிர்த்துப் பேசியிருந்தால் நான் இவ்வளவு காலம் அவன்மேல் பொறாமைப்பட்டிருக்க மாட்டேன் என்று சில சமயம் நினைக்கிறேன்.

உனக்கு ஐந்து வயது நடந்துகொண்டிருந்தது. 9-5-1943, ஞாயிற்றுக்கிழமை. கோபால் லீவில் வந்திருந்தான். உனக்கு ஒரு தகரப் படகு வாங்கி வந்திருந்தான். உள்ளே திரி விளக்கு ஏற்றினால் பின்னால் இருக்கும் இரண்டு மெல்லிய குழாயில் நீர் கொதித்துப் படகு டுக்டுக்கென்று ஓடும். அதே ஞாயிற்றுக்கிழமை நான் உனக்காக வேறு ஒன்று ஏற்பாடு செய்திருந்தேன். கடைக்கு ஒரு புது இஞ்சின் மரப்பெட்டியில் வந்து இறங்கியிருந்தது. நீ வந்து பக்கத்தில் நின்ற பிறகுதான் பெட்டியைப் பிரிக்க வேண்டும் என்று இரண்டு நாள் ஆணி பிடுங்காமல் வைத்திருந்தேன். நீ வரவில்லை. தேடிக்கொண்டு கோட்டைக்குள் செட்டிக்குளத்துக்கு வந்தேன். படகு நடுக்குளத்தில் நின்றுவிட்டிருந்தது. கோபால் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி அதை எடுத்து வந்து, குழாயில் நீர் வற்றிவிட்டது என்று சொல்லி, வாயால் நீர் உறிஞ்சி ஊதி நிரப்பி, மறுபடியும் விட்டான். நீ படிக்கட்டில் அவன் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றாய். நான் கை நீட்டினேன். "நீ வாணாம் நைனா, உனுக்குத் தண்ணின்னா பயம்" என்றாய். உண்மைதான். பெட்டியை அன்று மாலை நானே தனியாகப் பிரித்தேன்.

பிறகு நீ வளர்ந்து, கடையில் என்னோடு ஏழு வருஷம் உட்கார்ந்தாய். அந்த ஏழு வருஷம் நான் நிம்மதியாக இருந்தேன் என்று எழுதிவிடலாம். அதுவும் முழு உண்மை ஆகாது. கிணற்று இஞ்சின்கள் ஊரெங்கும் வந்துவிட்ட காலம் அது. வேலை குவிந்து கிடந்தது. ஆனால் நீ வருஷம் தவறாமல் பொங்கல் கழிந்ததும் கடலூருக்குப் போய் வருவாய். போனவன் திரும்பி வந்து ஒரு மாதம் வரைக்கும் "சின்ன நைனா சொன்னாரு" என்றே பேசுவாய். 18-1-1965, திங்கட்கிழமை, அங்கே ஒரு பழைய லாஞ்சை விலை பேசி முடித்துவிட்டு, முடித்த பிறகு எனக்குத் தந்தி கொடுத்தாய். முப்பத்திரண்டு அடி நீளம், இரண்டு சிலிண்டர் டீசல் இஞ்சின், ஒன்றரை வருஷம் ஓடாமல் துறையில் கட்டிக் கிடந்தது. வாங்கும் முன் இஞ்சினைத் தட்டிப் பார்க்க என்னை அழைத்திருக்கலாம். அவனை அழைத்தாய். அன்று நான் கடைச் சாவியை மறந்து வைத்துவிட்டுத் தேடினேன். சாவியை நான் மறந்தது அந்த ஒரு நாள்தான்.

அதன் பிறகு இஞ்சின் உனக்குத் தொல்லை கொடுக்கத் தொடங்கியது. துறையில் நன்றாக ஓடும். முகத்துவாரம் தாண்டியதும் மூச்சு வாங்கும். சில நாள் நின்றுவிடும். அரை மணி கழித்து முடுக்கினால் ஒன்றும் நடக்காததுபோல் மறுபடியும் ஓடும். நீ எனக்குக் கடிதம் போட்டாய். அதைப் படித்தபோது எனக்கு வருத்தம் வந்ததா, மகிழ்ச்சி வந்ததா என்று கேட்டால், மகிழ்ச்சி என்றே எழுத வேண்டும். கோபாலால் முடியவில்லை, என்னைக் கூப்பிடுகிறான் பிள்ளை என்று நினைத்தேன். அவனுக்குத் துறைமுக லாஞ்சில் இடைவிடாத டியூட்டி என்பதும், தொல்லை தொடங்கிய பிறகு உன் இஞ்சினை அவன் தொட்டே பார்க்கவில்லை என்பதும் நான் கடலூர் வந்த பிறகுதான் தெரிந்தது. 10-3-1965, புதன்கிழமை, விழுப்புரம் வழியாகப் பஸ் மாறி, பிற்பகல் மூன்று மணிக்குக் கடலூர்த் துறையில் இறங்கினேன். பலகை வழியே லாஞ்சில் ஏறும்போது நான் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டதைப் பார்த்து, லாஞ்சை ஓட்டும் உன் சாரங்கு முனுசாமி, "பெரியவரே, பயப்படாம வாங்க. இது கெணறு இல்ல, ஏறினா எறங்கிடலாம்" என்று சொன்னான். எல்லோரும் சிரித்தீர்கள். நீயும் சிரித்தாய்.

மறுநாள் வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு வேலையைத் தொடங்கினேன். நான் வேலை செய்யும் முறை உனக்குத் தெரியும் என்றாலும் எழுதுகிறேன், ஏனென்றால் முறையில் பிழை இல்லை. நின்றுபோகும் இஞ்சினுக்கு நான்கு கேள்விதான்: எண்ணெய் வருகிறதா, காற்று வருகிறதா, தண்ணீர் ஓடுகிறதா, அழுத்தம் இருக்கிறதா. கையால் சுற்றி அழுத்தம் பார்த்தேன். இரண்டு சிலிண்டரும் தோளைத் தள்ளின. காற்று வடிகட்டியைக் கழற்றிக் கழுவினேன். குளிர வைக்கும் கடல்நீர் வெளியே கொட்டும் குழாயின் கீழ் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். குளிக்கும் பதம், அதற்கு மேல் சூடில்லை. டீசல் குழாயில் காற்று புகுந்திருந்தால் வழியில் நிற்கும் என்பதால் மரையைத் தளர்த்தி, குமிழி அடங்கும் வரை வடித்துவிட்டு முடுக்கினேன். கடைசியில் இரண்டாவது சிலிண்டருக்குள் டீசலைத் தூவும் நாசிலைக் கழற்றி வெளியே பீய்ச்சவிட்டுப் பார்த்தபோது, அது புகைபோல் தூவாமல் சொட்டுச் சொட்டாக வழிந்தது. எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. செஞ்சியிலிருந்து கொண்டுவந்திருந்த புது நாசிலைப் போட்டேன். லாஞ்சைக் கரையோடு கயிற்றில் கட்டி, கியர் போட்டு, இரண்டு மணி நேரம் முழு வேகத்தில் ஓட்டினேன். துளியும் பிசகவில்லை. கரும்புகை போய்ச் சாம்பல் நிறமும் போய், வெறும் சூடு மட்டும் தெரிந்தது. நீ என்னைப் பார்த்த பார்வையை இப்போதும் எழுத்தில் கொண்டுவர முடியவில்லை.

டியூட்டி முடிந்து கோபால் வந்தது அப்போதுதான். மாலை நான்கு மணி. தொப்பியைக் கழற்றிக்கொண்டு உள்ளே குனிந்து, இஞ்சின் ஓடுவதைக் காது சாய்த்துக் கேட்டான். பிறகு என்னிடம் மட்டும் கேட்கும் குரலில், "ண்ணா, நாசிலு மாத்தினது நல்லதாச்சு. ஆனா கட்டுல எப்பவுமே நல்லாத்தான் ஓடும். ஒன்ற வருசம் சும்மா கெடந்த டாங்கி. அடியில இன்னா இருக்குதுன்னு ஒருக்கா பாத்துட்டா தேவல" என்றான்.

"இஞ்சினத் தொறக்காமயே உனுக்குத் தெரிஞ்சிடுச்சா?" என்று கேட்டேன்.

"அலைமேல போனாத்தான நிக்குது? கரையில நிக்கிலியே."

"முப்பது வருசமா இஞ்சினு பாக்கிறவன் நானு. டாங்கியில மண்டி இருந்தா கரையிலயும் நிக்கும்."

"சரிண்ணா" என்று சொல்லிவிட்டு அவன் இறங்கிப் போய்விட்டான். உனக்கு அந்தப் பேச்சின் கடைசி மட்டும்தான் காதில் விழுந்தது. "இன்னா நைனா சொல்றாரு?" என்று கேட்டாய். "ஒண்ணுமில்ல, புகை சுத்தமா இருக்குதுன்றான்" என்றேன். இது அன்று நான் சொன்ன முதல் பொய்.

நீ டீ வாங்கி வரப் போனாய். முனுசாமி கரையில் கயிறு சுற்றிக்கொண்டிருந்தான். நான் ஒரு மூங்கில் குச்சியை எடுத்து டாங்கியின் மூடியைத் திறந்து அடிவரை விட்டேன். எடுத்துப் பார்த்தபோது நுனியில் இரண்டு விரற்கடை உயரத்துக்குக் கறுப்பாக, குழம்பாக, துருவும் பாசியும் கலந்த மண்டி ஒட்டியிருந்தது. பார்த்த கணத்திலேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நம் பக்கத்துக் கிணற்று இஞ்சின் சிமெண்டு மேடையில் அசையாமல் நிற்கிறது. அதன் டாங்கியில் மண்டி எத்தனை வருஷம் கிடந்தாலும் அடியிலேயே உறங்கும். எண்ணெய்க் குழாய் அதற்கு மேலே இருப்பதால் ஒரு துளி உள்ளே வராது. முப்பது வருஷம் நான் அந்த மாதிரி இஞ்சின்களையே பார்த்தவன். லாஞ்சு அப்படியில்லை. துறையில் கட்டியிருக்கும்வரை அது கிணற்றடி. முகத்துவாரத்தில் அலை தூக்கிப் போட்டதும் மண்டி கலங்கி எழும், குழாய் வாயை அடைக்கும், இஞ்சின் நிற்கும். அலை ஓய்ந்து அரை மணி ஆனால் மண்டி மறுபடியும் படியும், இஞ்சின் ஓடும். நீ எழுதியிருந்த ஒவ்வொரு அறிகுறியும் பொருந்தியது. கோபால் அதைத் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற நிலையில் சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

தாமோதரா, இந்த இடத்தை நீ இரண்டு முறை படி. தெரியாமல் விட்டவன் இல்லை நான். தெரிந்த பிறகு விட்டேன். டாங்கியைக் கழுவ மேல்தளப் பலகையைப் பெயர்க்க வேண்டும், ஒரு நாள் வேலை பிடிக்கும், மறுநாள் கப்பலுக்குப் பிண்ணாக்கு மூட்டைத் தோணியை இழுக்க நீ ஒப்புக்கொண்டிருந்தாய் என்பதெல்லாம் காரணம் போலத் தோன்றும். அவை காரணம் இல்லை. பலகையைப் பெயர்த்தால், "சின்ன நைனா சொன்னது சரியாப் போச்சு" என்று நீ சொல்வாய். அந்த ஒரு வாக்கியத்தை என் காதால் கேட்க எனக்குப் பொறுக்கவில்லை. குச்சியை ஆற்றில் எறிந்தேன். கையைத் துடைத்தேன். நீ டீயோடு திரும்பி வந்து, "தேதி போட்டுடலாமா நைனா?" என்று கேட்டாய். நம் கடை வழக்கத்தை நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை: நான் பார்த்து முடித்த இஞ்சினின் பிளைவீலில், அந்தப் பெரிய சக்கரத்தின் முகத்தில், சாக்குக் கட்டியால் அன்றைய தேதியை எழுதுவேன். எழுதினால் அந்த இஞ்சினுக்கு நான் பொறுப்பு. வல்லத்துக் குடியானவர்கள், "தேதி போட்டாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் வண்டியில் ஏற்றுவார்கள். எழுதிய சாக்கு அழியும் முன் இஞ்சின் நின்றால் நானே சைக்கிள் மிதித்துப் போய்ப் பார்ப்பேன். அத்தனை இஞ்சின்களில் நான் எழுதிய தேதிகளில் பொய்த் தேதி ஒன்றே ஒன்று. 11-3-1965. அதை என் மகனின் இஞ்சினில் எழுதினேன்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நீ கயிற்றை அவிழ்த்தாய். பின்னால் மூட்டை ஏற்றிய தோணி. அதில் ஆறு ஆட்கள். எனக்கு முதல் நாள் படுத்தும் தூக்கம் இல்லை. எத்தனையோ முறை வாய் திறக்க நினைத்தேன். காற்று இல்லை, கடல் அமைதியாக இருக்கிறது, இன்று ஒரு நாள் தாண்டிவிடும், நாளைக்கு வேறு ஏதாவது சாக்குச் சொல்லி டாங்கியைத் திறக்க வைக்கலாம் என்று சமாதானம் செய்துகொண்டேன். முகத்துவாரத்தின் தென்கரை மணலில் போய் நின்றேன். சிறிது நேரத்தில் கோபாலும் வந்து பக்கத்தில் நின்றான். லாஞ்சு முதல் அலையில் ஏறி இறங்கியது. இரண்டாவது. ஐந்தாவது அலையில் இஞ்சின் சத்தம் விக்கியது. பிறகு சத்தமே இல்லை.

அந்த நேரத்தைப் பற்றி நான் உன்னிடம் கேட்டதில்லை. நீயும் சொன்னதில்லை. கரையில் நின்றவனுக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். முனுசாமி நங்கூரத்தை வீசினான். மணலில் அது பிடிக்காமல் உழுதுகொண்டு வந்தது. பாரம் ஏற்றிய தோணி லாஞ்சை மோதுவதுபோல் நெருங்கியது. அதிலிருந்த ஆட்கள் கழி ஊன்றித் தள்ளினார்கள். அலை உடைகிற திட்டுக்கும் உங்களுக்கும் நடுவே ஒரு தெருவின் அகலம்தான் இருந்தது. அப்போது நீ மேல்தளத்தில் எழுந்து நின்று எதையோ தோளில் தூக்கினாய்.

"இன்னாடா பண்றான் அவன்?" என்று கேட்டேன்.

"டின்ன ஏத்துறான். நல்ல டீசலு. ரப்பர் குழாயில நேரா இஞ்சினுக்கு விடுவான். டாங்கி வாணாம்."

"டின்னு ஏது?"

"காத்தால நாந்தான் வச்சேன். இஞ்சினு நின்னா இத எடுடான்னு மட்டும் சொல்லி வச்சேன். உம் பேச்ச எடுக்கல."

இஞ்சின் சத்தம் கேட்டது. ஒருமுறை விக்கி, பிறகு நிலையாக. நீ டின்னைத் தோளிலேயே தாங்கிக்கொண்டு நிற்க, முனுசாமி லாஞ்சை மெல்லத் திருப்பினான். நான் மணலில் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்தபடியே, "கோபாலு, டாங்கியில மண்டி இருந்துச்சுடா. நேத்தே குச்சி விட்டுப் பாத்துட்டேன்" என்று சொன்னேன்.

"தெரியும்ண்ணா."

"இன்னா தெரியும்?"

"குச்சி எங்க படித்துறையாண்ட வந்து ஒதுங்கிச்சு. நுனி கறுப்பா இருந்துச்சு. வேற யாரு அந்த நேரத்துல டாங்கியில குச்சி விடப் போறாங்க?"

"அப்ப ராத்திரியே வந்து சொல்றதுக்கு இன்னா?"

"வந்தேன். அதுக்குள்ள நீ தேதி போட்டு முடிச்சிருந்த. போட்ட தேதிய நான் அழிக்கிறதா?" காலால் மணலைத் தள்ளிவிட்டு, "அழிச்சிருக்கணும்ண்ணா. எனுக்கும் புத்தி இல்ல" என்றான்.

"புள்ளைகிட்ட சொல்லப் போறியா?"

"நீ சொல்லுவ" என்றான். அதற்கு மேல் அவன் எதுவும் சொல்லவில்லை. அன்றும் இல்லை, இன்றுவரையும் இல்லை.

துறைக்குத் திரும்பிய நீ, டீசலில் ஊறித் தோல் சிவந்த தோளோடு என் எதிரில் வந்து நின்று என்ன சொன்னாய் என்பது நினைவிருக்கிறதா? "விடு நைனா. கெணத்தாண்ட நிக்கிற இஞ்சினப் பாத்துப் பழகின கண்ணு. உம் மேல தப்பில்ல" என்றாய். கோபால் உன் பின்னால் நின்றுகொண்டிருந்தான். அவன் என்னைப் பார்க்கவில்லை; எனக்கு வசதியாக ஆற்றைப் பார்த்தான். நான் தலையாட்டினேன். தேதியையும் சேர்த்தால் இது மூன்றாவது பொய், வாய் திறக்காமல் சொன்னது. மறுநாள் நீங்கள் இருவரும் பலகையைப் பெயர்த்து டாங்கியைக் கழுவியபோது, கடையில் ஆள் இல்லை என்று சொல்லிப் பதினொன்றரை மணி பஸ்ஸில் ஊருக்கு ஏறிவிட்டேன். அன்று சனிக்கிழமை. கடையில் எனக்கு ஒரு வேலையும் இருக்கவில்லை.

அவன் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நீ என்னை வெறுத்திருப்பாய், நான் அவனை நிம்மதியாக வெறுத்திருப்பேன். சொல்லாமல் விட்டதனால் இந்த விஷயத்திலும் அவனே என்னைவிடப் பெரியவனாக நிற்கிறான். காது கூர்மையாக இருப்பதற்காகப் பொறாமைப்பட்டது போய், இப்போது அவன் குணத்துக்காகவும் பொறாமைப்பட வேண்டியிருக்கிறது. அறுபத்தாறு வயதில் இது ஒரு வியாதி மாதிரி. காலையில் எழும்போது மூட்டு வலியோடு அதுவும் எழுகிறது. உன் அம்மாவிடம் முந்தாநாள் எல்லாவற்றையும் சொன்னேன். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டாள். பிறகு, "புள்ள செத்திருந்தா அப்பகூட உங்க தம்பி மேலதான் கோவப்பட்டிருப்பீங்க" என்றாள். எழுந்து போய் மாட்டுக்குத் தவிடு கலந்தாள். நேற்று அந்தக் கடிதக் கேள்வி கேட்டதைத் தவிர இன்னும் என்னிடம் சரியாகப் பேசவில்லை. அவள் சொன்னது உண்மையா என்று நினைத்துப் பார்த்தேன். உண்மையாக இருக்கலாம் என்பதுதான் என்னை எழுத வைத்தது.

நீ தூத்துக்குடிக்குப் போகும் வழி ஒரு முகத்துவாரம் இல்லை. நாகப்பட்டினம், கோடிக்கரை, பாம்பன் என்று நாள்கணக்கில் கடல். கயிற்றில் கட்டிப் பார்த்த இஞ்சினைப் பற்றி ஒரு கிழவன் சாக்குக் கட்டியால் எழுதும் தேதியை நம்பி நீ அதில் ஏறக் கூடாது. ஆகையால் நான் வரமாட்டேன். நீ ஆள் அனுப்பினாலும் வரமாட்டேன். கிளம்பும் முன் இரண்டு நாள் சின்ன நைனாவை உடன் வைத்துக்கொண்டு, கரையில் அல்ல, அலையில் ஓட்டு. பாரம் இழுத்துக்கொண்டு ஓட்டு. அவன் சரி என்றால் சரி. அவன் தள்ளிப் போடச் சொன்னால், 17-ஆம் தேதி வெள்ளிக்கிழமை நல்ல நாள் என்று யார் சொன்னாலும் கேட்காதே, நான் சொன்னாலும் கேட்காதே. டீசலைத் துணியில் வடிகட்டாமல் டாங்கியில் ஊற்றாதே. வடிகட்டி இரண்டு கூடுதலாக வைத்துக்கொள். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை வடிகட்டியின் அடிமரையைத் திறந்து நீர் இறங்கியிருக்கிறதா என்று கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பார். நீலப் புகை வந்தால் மசகெண்ணெய் எரிகிறது, பிஸ்டன் ரிங்கு தேய்ந்திருக்கிறது; வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் உள்ளே தண்ணீர் புகுகிறது, உடனே கரை சேர். இவற்றில் ஏதாவது ஒன்றில் அவன் வேறு விதமாகச் சொன்னால் அவன் சொன்னபடியே செய். வால்வைத் தூக்கும் டாப்பெட்டின் இடைவெளியை மட்டும் அவன் இஞ்சின் சூடாக இருக்கும்போது வைக்கிறான். குளிர்ந்த பிறகு வைக்க வேண்டும் என்று புத்தகத்தில் பக்கம் நாற்பத்தொன்றில் இருக்கிறது. இதில் நான்தான் சரி. இதையும் அவனிடம் கேட்டுக்கொண்டே செய்.

உனக்கு என்மேல் கோபம் வரும். வரட்டும். ஆறு ஆட்களையும் முனுசாமியையும் உன்னையும் வைத்து நான் ஆடியதை மன்னித்துவிட்டேன் என்று மறுதபாலில் அவசரப்பட்டு எழுதாதே. அப்படி எழுதினால் நீ சரியாகப் படிக்கவில்லை என்றே எடுத்துக்கொள்வேன். உன் மகனுக்கு ஒருநாள் வேறு ஒருவர்மேல் உன்னைவிட அதிகப் பிரியம் வரும். கட்டாயம் வரும். அன்றைக்கு உன் கையில் எந்த வேலை இருந்தாலும் அதைக் கீழே வைத்துவிட்டு, அந்த வேலையை வேறு ஒருவர் சரிபார்க்கும்வரை தள்ளி நில். எனக்குத் தெரிந்த புத்தி இவ்வளவுதான்.

இந்தக் கடிதத்தைக் கோபாலிடம் படிக்கக் கொடு. அவன் படிக்கும்போது நீ பக்கத்திலேயே உட்கார்ந்திரு. படித்துவிட்டு அவன் ஒன்றும் சொல்ல மாட்டான், எனக்குத் தெரியும். ஆனால் எங்காவது ஓர் இடத்தில் சிரித்தால், அது எந்த வரி என்று எனக்கு எழுது.

உன் நைனா.